சகல பாத்தியங்களும்

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்துகொண்டது. அவர் உயில் எழுதவில்லை. அம்மா முன்பே போய்விட்டாள். ஆகவே பாதி எனக்கு, பாதி என் தங்கை செண்பகவல்லிக்கு. இது சட்டம். எங்களுக்கு முன்பே வீடு அதைத் தெரிந்துவைத்திருந்தது.

கிழக்குப் பாதி அவளுடையது. அங்கே நான் கால் வைத்தால் தெருவில் நிற்பேன், செருப்புகூட இல்லாமல். அடுப்பு கிழக்கில் இருந்தது. கக்கூஸும் கிழக்கில். மூன்று மாதமாக ஓட்டலில் சாப்பிட்டோம். மற்றதற்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வந்தோம். என் மனைவி பேசுவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. சீர்செனத்தி எல்லாம் செய்து கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பாதி வீடு எதற்கு?

பத்திர எழுத்தர் ஆவுடையப்பனிடம் போனேன். அவருக்கு இடுப்புக்குக் கீழே மேசை மட்டும்தான் இருந்தது. அதைக் கேட்பது மரியாதையில்லை.

“தங்கச்சி விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தா போதும்” என்றார். “தன் பங்கை உங்களுக்கு விட்டுக்குடுக்காங்கன்னு அர்த்தம். பதிஞ்சாச்சுன்னா அப்புறம் அவங்களா நெனச்சு ரத்து பண்ண முடியாது.”

“எழுதுங்க.”

“வீடு மட்டுமா? அப்பா வழியில உள்ள சகல பாத்தியமுமா?”

“என்ன வித்தியாசம்?”

“வீடு மட்டும்னா வீடு வரும். சகலமும்னா சகலமும் வரும்.”

பின்னால் வில்லங்கம் வரக்கூடாது. “சகலமும் போடுங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “யோசிச்சுக்கிடுங்க அண்ணாச்சி.”

“யோசிச்சுட்டேன்” என்றேன். யோசிக்கவில்லை.

செண்பகவல்லி முதல் பஸ்ஸில் வந்தாள். கையெழுத்துப் போடும் பெண்ணுக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சாப்ட்டியாண்ணே? மெலிஞ்சு போயிட்டியே.”

“பத்திரம் முடியட்டும்.”

“அதுக்கு என்ன அவசரம்? நான் எங்க போயிரப் போறேன்?”

பதிவு அலுவலகத்தின் நடைவழி காலையில் இருபது அடி இருந்தது. ஒவ்வொரு டோக்கனுக்கும் கொஞ்சம் நீண்டது. பத்து மணிக்கு எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நடந்து மேசையை அடையும்போது மணி இரண்டரை. வழியில் ஒருவர் தயிர்சாதம் விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் வாங்கவில்லை.

சார்பதிவாளர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “சுய நினைவோட, யாரும் கட்டாயப்படுத்தாம எழுதிக் குடுக்கீங்களா?”

“எங்க அண்ணன் கேட்டான்.”

“அது கட்டாயத்துல சேராது.”

சொத்து விவரத்தை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் தங்கை ரேகை வைத்தாள்.

“வீட்டில் கிழக்குப் பாதி. கிணற்றில் பாதி. நெற்றித் தழும்பு ஒன்று, மேற்படி வீட்டு முற்றத்தில் விழுந்தது.”

என் நெற்றி எரிந்தது. அவள் நெற்றி வழவழவென்று ஆகிவிட்டது.

“மூக்கு, தகப்பனார் வழி.”

அவள் முகத்தில் வேறு மூக்கு வந்தது. நல்ல மூக்குதான். யாருடையதோ.

“தகப்பனார் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தது, இரண்டு தடவை.”

அவள் விரல் நின்றது. “அண்ணே, இதுவுமா?”

சார்பதிவாளர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். “பின்னால ஆள் நிக்காங்க, வையி” என்றேன். வைத்தாள். அப்பா என்னை ஒருநாளும் தூக்கியதில்லை. அதுமுதல் இரண்டு தடவை தூக்கியிருந்தார். தேரின் உச்சிகூடத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

“உடன்பிறப்பு, ஒன்று.”

அதற்கு அவள் யோசிக்கவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. சேலைப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்திவிட்டு ரேகை வைத்தாள். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“இவரு யாரு மேடம்?”

“எழுதி வாங்குறவர்.”

“வணக்கம் சார்” என்றாள்.

வெளியே ஆவுடையப்பன் தன் மேசையோடு வாசல்வரை வந்திருந்தார். “ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும். நீங்களா வாய் தவறி உறவு சொல்லிட்டா பத்திரம் செல்லாது. எல்லாம் அவங்களுக்கே திரும்பிப் போயிரும்.”

“வீடுமா?”

“வீடுதான் மொதல்ல.”

பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு மனிதன் பஸ் நிறுத்தத்தில் நிற்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.

“சார், நான் யாரைப் பார்க்க இந்த ஊருக்கு வந்தேன்னு தெரியல. காலையில பஸ்ல வரும்போது ரொம்ப சந்தோஷமா வந்தேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?”

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

“தெரியாதும்மா.”

அவள் தலையாட்டினாள். இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வீடு போனால் போகட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் செண்பகவல்லி நல்ல பிள்ளை. தெரியாதவர்களை இரண்டு தடவை தொந்தரவு செய்யமாட்டாள்.