இரண்டாம் வரிக்கு வருபவன்

பாடகனை அடக்கம் செய்த அடுத்த வாரம், அவன் வழக்கம்போல் ஒத்திகைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தான். இந்த முறை குரல் மட்டும். சலவைக்கடைக்கு மேலே, கீழிருந்து ஏறும் நீராவியில் சுவர் எந்நேரமும் கசிந்துகொண்டிருக்கும் அறை அது. ‘ஈரச்சுவர்’ என்று தங்கள் இசைக்குழுவுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயருக்கு அதைத் தவிர வேறு தத்துவம் கிடையாது. குழுவைக் கலைத்துவிடுவதா, வேறு பாடகனைப் பிடிப்பதா என்று பேசி முடிக்கத்தான் மிச்சமிருந்த மூன்று பேரும் அன்று கூடியிருந்தார்கள். கிட்டார் வாசிப்பவர் மீசை. திரைச்சீலைக் கடையில் வேலை. மீசையை மழித்துப் பல வருடமாகியும் பெயரை மழிக்க முடியாதவர். அவர், வேறு ஆள் போட்டுத் தொடர வேண்டும் என்றார். டிரம்ஸ் வாசிப்பவர் வேன்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓட்டிப் பொறுமையின் எல்லையைத் தினமும் தொட்டுவிட்டுத் திரும்புகிறவர். அவர், கலைத்துவிடலாம், அவன் இல்லாமல் நமக்கு என்ன வேலை என்றார். பேஸ் கிட்டார் வாசிக்கும் தங்கை, செத்தவனின் கூடப்பிறந்த தங்கை, வாயைத் திறக்கவில்லை. சொல்ல வந்ததைச் சொன்னால் கைகலப்பாகும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியாக ஒரு பாட்டு வாசித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றார் மீசை. வாசித்தார்கள். முதல் வரி ஆளில்லாமல் போனது. இரண்டாம் வரியில், மைக் நின்ற இடத்தில், அவன் வாய் இருக்கும் உயரத்தில், குரல் வந்து ஒட்டிக்கொண்டது. உயிரோடு இருந்தபோதும் இரண்டாம் வரிக்குத்தான் மூச்சிரைக்க ஓடிவருவான் என்பதால் யாரும் கையை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் வேன்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "எழவு, செத்தும் நேரத்துக்கு வரமாட்டேங்கிறான்" என்றார். பிறகு மூன்று பேரும் அழுதார்கள். தொடர்வதா வேண்டாமா என்ற பேச்சு அன்றோடு அடங்கியது. வந்தவனைப் பார்த்து யாரும், உனக்கு வர இஷ்டமா என்று கேட்கவில்லை.

மூன்று வாத்தியமும் சேர்ந்தால்தான் குரல் வரும். ஒன்று குறைந்தாலும் வராது. பேசாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, பாட மட்டும் செய்யும். முதல் நிகழ்ச்சியில் முன்வரிசை எழுந்து ஓடியது. அடுத்த நிகழ்ச்சிக்கு அதே முன்வரிசை இடத்துக்கு அடித்துக்கொண்டது. மேடை ஏறுகிற எல்லோரும் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று அரங்க அதிகாரி கறாராக நின்றார்; பிறகு விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அட்டை ஆளுக்குத்தான், குரலுக்கு இல்லை என்று விட்டுவிட்டார். மைக்குக்குப் பின்னால் வெற்றிடம், அதன்மேல் ஒரு வெள்ளை விளக்கு. துணிச்சல்காரர்கள் சிலர் மேடையேறி அந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தார்கள். இஸ்திரி போட்டு எடுத்த துணிபோல இளஞ்சூடாக இருந்ததாகச் சொன்னார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், "இந்த மனுஷனும் ஏதாவது வாத்தியக்குழுவிலே சேர்ந்து தொலைச்சிருக்கலாம்" என்று பெருமூச்சு விடுவது அந்தத் தெருக்களில் பழக்கமாயிற்று. அம்மா ஒரு நிகழ்ச்சியையும் விடமாட்டாள். மகன் இருந்தபோது செய்ததுபோலவே பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து மைக்கின் காலடியில் வைப்பாள். முடிந்து எடுக்கும்போது பாதிதான் இருக்கும். வீடு திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துக்கொள்வாள். பிள்ளைக்கு ஜுரம் விட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவளின் முகம் அப்போது அவளுக்கு இருக்கும். வருடங்கள் இப்படி ஓடின.

தங்கைக்கு மட்டும் தொண்டையில் முள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். குளிர்சாதனப்பெட்டிக் கம்பெனி ஒன்றில், பகலெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, திட்டுகிறவர்களின் திட்டைக் கேட்டு, திரையில் எவனோ எழுதி வைத்த வரியை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வதற்கு அந்தப் பட்டம் பயன்பட்டது. அதற்காகத்தான் அண்ணன் பத்தாவதோடு நின்று, மர அலமாரிகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கும் பட்டறைக்குப் போனான். முகமூடி வருகிறது, வருகிறது என்று பட்டறை முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். முதலாளி மகன் படிப்பை முடித்தான், கல்யாணம் முடித்தான், முதலாளிக்குப் பேரனே வந்துவிட்டான், முகமூடி வரவில்லை. அண்ணன் காறித் துப்பினால் அது அன்றைய அலமாரியின் நிறத்தில் இருக்கும். "இன்னைக்கு ரோஸ் பாரு. ஏதோ பொண்ணு ரூமுக்குப் போல" என்று சிரிப்பான். தேக்கு நிறத்தில் துப்பிய நாட்களில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது, அது விலை உயர்ந்த அலமாரி என்பதால்.

ஆனால் முள் முதலாளி மட்டும் அல்ல. முதலாளியை வைது தீர்த்துவிடலாம். வாத்தியக்காரர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். கட்டை ஏறினால் குரல் மேலே ஏற வேண்டும், இறக்கினால் குரலுக்குச் சுமை குறையும். ஈரச்சுவர் தொடங்கியபோது மூன்று கட்டை. அண்ணன் அதில் மாடிப்படி ஏறுவதுபோல் ஏறி இறங்குவான். கடைசி வருடத்தில் ஒருநாள் மேல்வரியில் அவனுக்கு இருமல் வந்து பாட்டு அறுந்தது. அவன் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் மீசை, ஒரு வார்த்தை பேசாமல், கிட்டாரின் முறுக்காணிகளை லேசாகத் திருப்பி அரைக் கட்டை இறக்கினார். தங்கை பார்த்தாள், தன் பேஸையும் இறக்கினாள். அண்ணன் வந்து பாடினான், மேல்வரி எட்டியது, "தொண்டை சரியாயிடுச்சுப்பா" என்று குழந்தைபோல் சிரித்தான். வைத்தியரைப் பார்க்க வைத்திருந்த நாள் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு அரைக் கட்டை. அதன்பிறகு இன்னொன்று, வேன்காரரும் டிரம்ஸின் ஆணிகளைத் தளர்த்தினார். அவன் குரல் கனிந்துவிட்டது, ஆழமாகிவிட்டது என்று கேட்டவர்கள் புகழ்ந்தார்கள். அவன் நம்பினான். ஆளைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய மூன்று பேர், ஆளுக்கொரு ஆணியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அன்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவனைப் படுக்கையில் போட்டபோது, மார்பில் திருப்ப ஆணி எதுவும் இருக்கவில்லை.

இருமல் மறுபடி வந்தது. அவன் செத்துச் சில வருடங்கள் கழித்து, நிரம்பிய அரங்கம் ஒன்றில், பழைய மேல்வரியின் நடுவில், மைக்குக்குப் பின்னாலிருந்த வெற்றிடம் இருமியது. ஒரு பொட்டுச் சிவப்பு, அலமாரிக்கு அடிக்கும் அரக்குச் சிவப்பு, மைக்கின் வலைமேல் வந்து விழுந்தது. அடுத்த ஒத்திகையில் மீசையின் விரல்கள் ஆணிகளைத் தேடிப் போவதைத் தங்கை பார்த்தாள்.

"என்ன பண்றீங்கண்ணா?"

"சும்மாதான்மா. கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கு."

"யாருக்கு?"

"அவனுக்குத்தான்."

"அவனுக்குத் தொண்டை எங்க இருக்கு? நாம புதைச்ச எடத்துல இருக்கு."

வேன்காரர் நடுவில் விழுந்தார். "விடும்மா. பாடுறவனே சும்மா இருக்கான், உனக்கென்ன?"

"பாடுறவன் என்னைக்கு வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொன்னான், இன்னைக்குச் சொல்றதுக்கு? செத்தவனுக்குக்கூட உங்ககிட்ட லீவு கிடையாதாண்ணா?"

மீசை அவளைப் பார்க்காமல் ஆணியைத் திருப்பி முடித்தார். "நிறுத்திட்டா வரமாட்டான். திரும்ப ஒருதரம் அவனைத் தூக்கிட்டுப் போக எனக்குத் தோள்ல தெம்பில்லை. உனக்கு இருந்தா சொல்லு" என்றார். அவளிடமும் இல்லை. அவள் தன் பேஸை இறக்கினாள். தன்மீது அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ஒரு தந்தி தானாக அறுந்தது. அது தந்தியின் வயதால் என்று வேன்காரர் சமாதானம் சொன்னார்.

சுருதி இறங்கிக்கொண்டே போயிற்று. ஒரு கட்டைக்குக் கீழே போனபிறகு கணக்குச் சொல்வதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். தந்திகள் துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்து பலகையில் அடித்தன. தடித்த தந்திகள் வாங்கினார்கள், அவையும் தொய்ந்தன. அந்தச் சுருதியில் கேட்டவர்களுக்குப் பல் கூசியது. ஒத்திகை நடக்கும்போது கீழே சலவை இயந்திரங்கள் சுவிட்ச் போடாமலே மெல்லச் சுற்றின; சலவைக்கடைக்காரர் மின்செலவு மிச்சம் என்று நினைத்து, முறையிட வந்தவர் முறையிடாமல் போனார். அரங்கங்களில் நாற்காலிகள் அங்குலம் அங்குலமாக மேடையை நோக்கி நகர்ந்தன. கூட்டம் குறையவில்லை. இதைவிட ஆழமான இசையைக் கேட்டதில்லை என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். ஆழத்தில் ஒருவன் மூச்சுக்குத் தவிப்பதை எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. வரிக்கு வரி அவன் மூச்சு வாங்குவது மைக்கில் தெளிவாகக் கேட்டது. அதையும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

ஒரு மாலை நிகழ்ச்சி முடிந்து, அரங்கத்தின் பின்னால் கைகழுவும் தொட்டியில் அம்மா குனிந்து நிற்பதைத் தங்கை பார்த்தாள். அம்மா பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து, வெந்நீரில் சரிபாதியைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது.

"என்னம்மா இது?"

அம்மா திடுக்கிடவில்லை. "குறையவே மாட்டேங்குதுடி. ரொம்ப நாளாச்சு."

"அப்ப எதுக்கு நீயே ஊத்துற?"

"முழுசா இருந்தா பஸ்ஸில மடியில கனக்குது."

தங்கை, அவன் கஷ்டப்படுகிறான் என்று சொன்னாள். "பெத்தவளுக்குத் தெரியாதாக்கும், பட்டம் வாங்கினவ வந்து சொல்றா" என்றாள் அம்மா. "வலிக்குதுன்னா இருக்கான்னு அர்த்தம். வலிக்கலைன்னா எங்கன்னு போய்த் தேடுவேன்?" மூடியைத் திருகி மூடினாள்; திருகினாள், திருகிக்கொண்டே இருந்தாள், மூடி இறுகிய பிறகும். தொட்டியைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்தப் பட்டறைக்காரன்கிட்ட ஒருநாள் லீவு கேக்கத் தெரியாமப் போனவன்டி அவன். அவனுக்குக் கேக்க வராது. நீ படிச்சவதானே. நீ கேளு."

அடுத்த நிகழ்ச்சிக்குத் தங்கை எல்லோருக்கும் முன்னால் போய், மீசையின் கிட்டாருக்கும் தன் பேஸுக்கும் பழைய அளவில் புதுத் தந்திகள் கட்டினாள். ஆணிகளைத் திருப்பினாள்; ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு. மீசை வந்தபோது இரண்டரையில் இருந்தாள்.

"அறுந்துடும்மா" என்றார் அவர். அவர் தந்தியைச் சொல்லவில்லை.

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது."

அவர் அவள் கையிலிருந்து கிட்டாரைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி அரைக் கட்டையைத் தானே ஏற்றினார். வேன்காரர் மேடை ஓரத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அன்னைக்கே கலைச்சிடலாம்னு சொன்னேன், எவன் கேட்டான்" என்று எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போய் டிரம்ஸில் உட்கார்ந்தார்.

மூன்று கட்டையில் ஆரம்பித்தார்கள். முதல் வரி ஆளில்லாமல் போனது. இரண்டாம் வரியில் குரல் வந்தது. வந்து, சுருதி எங்கோ தலைக்குமேல் நிற்பதைப் பார்த்து, படியின் அடியில் நிற்பவனைப்போல் நின்றது. ஒருமுறை ஏறப் பார்த்தது. முடியவில்லை. அரங்கம் முழுக்க ஒருவன் மூச்சு வாங்குவது கேட்டது. மீசையின் விரல்கள் பழக்கதோஷத்தில் ஆணிப்பக்கம் போயின. தங்கை அவரைப் பார்த்த பார்வையில் திரும்பி வந்தன. வாசிப்பை நிறுத்தவில்லை. பிறகு, மூட்டையை இறக்கிவைக்கிறவன் விடும் அந்த நீண்ட ‘ஸ்ஸ்’ கேட்டது. வெள்ளை விளக்கின் கீழே வெற்றிடம் வெறும் இடமாயிற்று. சூடு போய்விட்டதை வாசித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் தோலில் உணர்ந்தார்கள். அடுத்த வரி வந்தது. அதைச் சொல்ல ஆளில்லை. இன்னொரு வரியும் அப்படியே போக இருந்தது. தங்கை மைக்குக்கு நகர்ந்து வாயைத் திறந்தாள். எவனும் வரி எழுதிக் காட்டாத திரைபோல எதிரே அரங்கம் இருட்டாகக் கிடந்தது. அவள் குரல் கரடுமுரடு. மேல்வரியில் பிசிறியது, கீழ்வரியில் தேய்ந்தது. யாரோ பின்வரிசையிலிருந்து "அண்ணனைக் கூப்பிடு" என்று கத்தினான். அண்ணன் லீவு என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினாள். பாதிக் கூட்டம் எழுந்து போனது. அம்மா எழுந்திருக்கவில்லை, பிளாஸ்க்கை மடியில் பிடித்துக்கொண்டு, அழுது முடிக்கும்வரை அழுதாள்.

ஈரச்சுவர் தொடர்ந்தது. சரியா என்று யாருக்கும் தெரியாது. பெரிய அரங்கங்கள் கூப்பிடுவதை நிறுத்தின; செத்தவனைப் பார்க்க வந்தவர்களுக்கு உயிரோடு இருப்பவள் ஏமாற்றமாகத்தான் இருந்தாள். ஒத்திகையில் இரண்டாம் வரி வரும்போது மூன்று பேரும் இன்னும் ஒரு நொடி வாசலைப் பார்க்கிறார்கள். அவள் புதுப் பாட்டுகள் எழுதினாள். ஒன்று அலமாரிகளின் நிறங்களைப் பற்றியது, அதைப் பாடும்போது மட்டும் மீசை தலையைக் குனிந்துகொள்வார். அம்மா முன்வரிசையில் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடிப்பாள். யாராவது வருகிறார்களா என்று சீட்டுக் கிழிப்பவர் முதலில் கேட்டார். "வருவான், எப்பவும் லேட்டுதான்" என்றாள். பிறகு அவர் கேட்பதில்லை. முதல் பாட்டின் இரண்டாம் வரியில் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள், நாற்காலியின் மெத்தை அமுங்கும். பிளாஸ்க்கில் பாதி குறையும். இருமல் கிடையாது. தங்கைக்குச் சுருதி விலகுகிற இடங்களில் மட்டும் அந்த நாற்காலி கிரீச்சிடும். அவள் அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள்.