கூண்டுக்குள் ஓர் ஆடு, வெளியே ஓர் ஆடு

மார்கழி பிறந்ததிலிருந்து மகள் ஸ்வர்ணலதாவின் போக்கு சுபலட்சுமிக்குப் பிடிபடவில்லை. விலங்கியல் எம்.எஸ்சி. படிக்கிற பெண்தான். ஆனால் காபி ஆறிப்போகும்வரை போர்வைக்குள் கிடக்கிறவள், இப்போது பொழுது விடிவதற்குள் கழுத்திலும் கைக்குட்டையிலும் ஜவ்வாதை அப்பிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். கேட்டால் "ப்ராஜெக்ட்" என்கிறாள். திரும்பி வந்ததும் சோப்பு கரையக் கரையக் குளியல் வேறு.

"எவனோ ஒருத்தன் இருக்கான்," என்றாள் சுபலட்சுமி, தறிக்குழியில் உட்கார்ந்திருந்த கணவன் வேலுவிடம்.

"இருந்தா இட்டுகினு வரச் சொல்லு. ஒரு வேளை சோறு போடலாம்," என்று அவர் தறி நாடாவை ஓடவிட்டார்.

இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை என்று மறுநாள் விடிகாலையில் சுபலட்சுமியே பின்தொடர்ந்தாள். பனியில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. ஆற்று மணலைத் தாண்டி, அக்கரையில் வேலிகாத்தான் புதர் ஓரமாக மகள் போய்க் குந்தினாள். பக்கத்தில் பேண்ட் போட்டு, மங்கி குல்லா மாட்டிய ஒருத்தன்! இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டு களுக்களுக்கென்று சிரிப்பு வேறு.

சுபலட்சுமி செருப்பைக் கழற்றினாள். "அடப்பாவி!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஐயோ ஆன்ட்டி! நான் கனிமொழி!"

வீட்டுக்கு வந்து எத்தனையோ முறை தோசை தின்ற, மகளின் வகுப்புத் தோழி. செருப்பு அந்தரத்தில் நின்றது. ஸ்வர்ணலதா மணலில் விழுந்து புரண்டு சிரித்தாள். அப்போதுதான் அந்த நாற்றம் சுபலட்சுமியின் மூக்கில் ஏறியது.

எதிரே கோழிக்கூண்டு வலைக்குள் செத்த ஆடு ஒன்று, வயிறு உப்பி, முழுசாகக் கிடந்தது. சற்றுத் தள்ளி ஒரு மண்டையோடு, முதுகெலும்பு, நாலு எலும்பு, காற்றில் அலையும் கொஞ்சம் மயிர்.

"இன்னாடி இது கண்றாவி?"

"கனியோட அப்பா ஆடுங்கம்மா. ரெண்டும் ஒண்ணா லாரியில அடிபட்டுச்சு, ஒண்ணாவே கொண்டாந்து போட்டோம். ஒண்ணை அடைச்சு வெச்சோம், ஒண்ணை அப்படியே வுட்டுட்டோம்."

கனிமொழி முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "வெயில் காலமா இருந்தா ஈ மொய்ச்சு, புழு வெச்சு, கூண்டுல இருக்கறதும் ஜல்தியா கரைஞ்சிருக்கும் ஆன்ட்டி. இந்தக் குளிர்ல ஈக்கே சோம்பல். அதான் அப்படியே கெடக்குது. வெளிய கெடந்ததை நாயும் நரியும் தின்னு தீர்த்துடுச்சுங்க. அதுங்களுக்கு ஏது குளிரு?"

சுபலட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டையும் குனிந்து பார்த்தாள்.

"இது நாறுது. அது நாறவே இல்லியேடி?"

"அதாம்மா! நாயும் நரியும் தின்னாதான் ஊரு நாறாதுன்னு காட்டறதுதான் ப்ராஜெக்டே!" மகள் துள்ளிக் குதித்தாள்.

எவனும் இல்லை. ஆடுதான். வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பை சுபலட்சுமியால் அடக்க முடியவில்லை. "உஷ்!" என்று கனிமொழி அவளைப் புதருக்குப் பின்னால் இழுத்தாள். மூவரும் மணலில் குப்புறக் கிடந்தார்கள்.

பனிக்குள்ளிருந்து ஒரு நரி வந்தது. கூண்டைச் சுற்றியது. வலையைப் பிறாண்டிப் பார்த்துச் சலித்துக்கொண்டது. வெளியே கிடந்த கால் எலும்பு ஒன்றைக் கவ்விக்கொண்டு தலையைத் தூக்கி, நேராக சுபலட்சுமியைப் பார்த்தது. அவள் மூச்சே விடவில்லை. அது அவசரமே இல்லாமல் திரும்பிப் பனிக்குள் நடந்து மறைந்தது.

"நரி முகத்துல முழிச்சிட்டேன்டி!" சுபலட்சுமி எழுந்து கனிமொழியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "எல்லாரும் வாயால சொல்றாங்க, எவ பாத்தா? நான் பாத்தேன்!"

வீட்டுக்கு வந்தும் கால் தரையில் பாவவில்லை. ஆடு, கூண்டு, நரி என்று மூச்சு வாங்க வேலுவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் தறியை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று ஸ்வர்ணலதா கதவோரம் ஒதுங்கினாள்.

"வாலு எப்படி இருந்திச்சு?" என்றார் அவர்.

சுபலட்சுமி இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினாள்.