சும்மா நின்ற நாள்

யுத்தம் வந்து மண்ணெண்ணெய் அருமையாகி இரண்டு மாதம். கோப்பாயில் இராசநாயகம் வீட்டு அரிக்கன் லாம்பு வௌவாலைப் போலக் கூரை வளையில் தொங்கியது. செவ்வாய்க்கிழமை சங்கக் கடையில் கூப்பனுக்கு ஒரு போத்தல் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டதும், லாம்புக்கு முன் அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

"செவ்வாய் எங்கடை இறைப்பு முறையெல்லோ?" என்றாள் மனைவி மகாதேவி.

கிணறு நாலு பேருக்குப் பங்கு. நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். நட்டுப் பத்து நாளான புகையிலைக் கன்றுகள் அந்தச் செவ்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன. அந்த வருஷத்துச் சீவியமே அந்தக் கன்றுகள்தான்.

"நான் வரிசையிலை நிக்கிறன். நீங்கள் இறையுங்கோ."

"எங்கடை வீட்டுப் பொம்பிளை கண்டவனோடை வரிசையிலையோ?"

"அப்ப எண்ணெயை விடுங்கோ."

"ஏன் விட? நிக்கிறது சும்மாதானே?"

மகாதேவி பேசவில்லை. அவள் பேசாதிருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவருக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம்.

கிணற்றின் இன்னொரு பங்காளி தியாகராசா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "அண்ணை, உங்கடை முறை சும்மா கிடக்கப்போகுதோ? நான் இறைக்கட்டே?"

"இறை, இறை. சும்மா கிடக்கிறதுதானே" என்றார் இராசநாயகம் தாராளமாக.

செவ்வாய் விடியப் போனவர், பொழுதுபடும் நேரம் வீங்கிய காலும் ஒரு போத்தலுமாக வந்தார். அவருடைய கன்றுகள் புதுப்பெண்கள் போலத் தலை குனிந்து நின்றன. வரம்புக்கு அப்பால் தியாகராசாவின் கன்றுகளுக்கு அப்படி ஒரு வெட்கமும் இல்லை.

"தம்பி, நாளைக்கு உன்ரை முறையைத் தா. அடுத்த முறை வரைக்கும் இது தாங்காது."

தியாகராசா போத்தலைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"நான் உனக்குச் சும்மா தந்தனான் எல்லோ?"

"ஓம் அண்ணை. எனக்கு உங்கடை தாராள மனம் இல்லை."

போத்தல் வேலி தாண்டிப் போனது.

மறுநாள் முழுவதும் இறைத்தார்கள். பாதிக் கன்று நிமிர்ந்தது. மற்றப் பாதியை மகாதேவி பிடுங்கி ஆட்டுக்குக்கூடப் போட முடியாமல் குவித்தாள். மைமல் இருட்டில் தியாகராசா வீட்டு லாம்பு வெளிச்சம் வேலிப் பொட்டின் இடைவெளியால் நுழைந்து அவர்கள் முற்றத்தில் விழுந்தது.

"பாத்தியே, அவன்ரை வெளிச்சம் எங்களுக்கும் சும்மா வருகுது" என்றார் இராசநாயகம்.

மகாதேவி எழுந்து போய் ஒரு தென்னோலைக் கிடுகை எடுத்து அந்தப் பொட்டை அடைத்தாள்.