பூவுக்கு இரண்டு கோட்டிங்

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பினால் நல்ல சேதி சொல்வதற்காக இருக்காது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றதே அப்படி ஒரு கூப்பாட்டுக்குப் பிறகுதான்.

இந்த முறை கூப்பிட்டது என் பேத்தி சுண்டுவுக்காக. வயது நாலு. மகன் கப்பல் வேலைக்குப் போயிருக்கிறான். மருமகளுக்கு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில். ஏணியில் ஏறினாள் என்றால் நாலு ஆள் வேலையை ஒருத்தியாக முடித்துவிட்டுத்தான் இறங்குவாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு மாடி பாக்கி.

"நீங்க போய்ட்டு வாங்க மாமா. சண்டை மட்டும் போட்டுறாதீங்க" என்றாள்.

நான் எங்கே சண்டை போடுகிறேன்? கேள்வி கேட்பேன். படித்தவர்களுக்கு அது சண்டை மாதிரி தெரிகிறது.

டீச்சர் சின்னப் பெண். ஒரு பொடிசு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடித்தது. விஷயம் இதுதான்: தினமும் பிள்ளைகளுக்குத் தாளில் ஒரு பூவை அச்சடித்துத் தருகிறார்கள். கிரேயானால் அதற்கு வண்ணம் தீட்ட வேண்டும். விரலுக்குப் பலம் வருமாம், பின்னால் பென்சில் பிடிக்க உதவுமாம், கோட்டுக்குள் நிற்கக் கண்ணும் கையும் பழகுமாம், எடுத்த வேலையை முடிக்கிற பொறுமையும் வருமாம். ஒரு பூ இத்தனை வேலை பார்க்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சரி, மேலே சொல்லட்டும் என்று இருந்தேன்.

சுண்டு மட்டும் எதையும் முடிப்பதில்லையாம். மேலாக ஒரு பூச்சு பூசிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். சில சமயம் தாளை ஊதுகிறாளாம். ஏன் என்று கேட்டால், "இருங்க டீச்சர்" என்கிறாளாம். அதனால் இன்னொரு வருஷம் இதே வகுப்பில் வைக்கலாம் என்று யோசனை. டீச்சர் அதை இன்றைக்கே எழுதிக் கொடுத்தாக வேண்டுமாம்.

எனக்குச் சுருக்கென்றது. கூட உட்கார்ந்ததெல்லாம் மேலே போக, ஒன்று மட்டும் கீழே கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"பூவுக்குக் கலர் அடிக்கலைன்னா புள்ளைக்கு மூளை இல்லைன்னு அர்த்தமா?"

"அப்படிச் சொல்லலைங்க ஐயா. நீங்களே உட்கார்ந்து பாருங்க."

பார்த்தேன். சுண்டு என்னைக் கண்டும் காணாதவள் போல் இருந்தாள். வேலை நேரத்தில் பேச மாட்டாள், அம்மாவைப் போலவே. ஆரஞ்சு கிரேயானை எடுத்து ஒவ்வொரு இதழுக்கும் முதலில் ஓரம் கட்டினாள். பிறகு உள்ளே ஒரே திசையில் மெல்லிசாக இழுத்தாள். கிரேயானைக் கீழே வைத்தாள். ஊதினாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

பக்கத்துப் பையனின் முழங்கை தாளுக்கு வந்தது. சுண்டு அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள்.

"கை வைக்காதடா. ஈரமா இருக்கு, ஒட்டிக்கும்."

எனக்கு எங்கள் வீட்டு வாசல் கதவு ஞாபகம் வந்தது. போன மாதம் மருமகள் அதற்குப் பெயின்ட் அடித்தபோது சுண்டு ஈரத்தில் கையை வைத்துவிட்டாள். ஐந்து விரலும் இன்னும் கதவில் இருக்கிறது. வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது போல.

"நேத்து தாள், முந்தாநாள் தாளெல்லாம் எங்கம்மா?" என்று டீச்சரைக் கேட்டேன்.

மணி அடித்ததும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம்.

"நீங்க பூட்டி வச்சுக்கிட்டா அவ எப்படி முடிப்பா? முதல் கோட்டிங் அடிச்சிருக்கா. காஞ்சப்புறம்தானே ரெண்டாவது?"

"கிரேயான் காயத் தேவையில்லையே ஐயா."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவகிட்ட யாராவது சொன்னீங்களா?"

டீச்சர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். பத்தொன்பது பூக்கள், எல்லாமே வெளிறிப்போய். கொண்டுவந்து சுண்டுவின் முன்னால் வைத்தாள்.

சுண்டு மேல் தாளைப் விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தாள். திருப்தி. கிரேயானை எடுத்து இந்தத் தடவை அழுத்தி அடித்தாள். ஒரு மயிரிழைகூடக் கோட்டைத் தாண்டவில்லை. ஒரு பூ முடிந்தது. அடுத்ததை எடுத்தாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நாலு பூ பளிச்சென்று ஆகிவிட்டது.

டீச்சர் ஒரு தாளில் ஏதோ எழுதினாள். எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. படித்துக் காட்டச் சொன்னேன். "மேல் வகுப்புக்கு அனுப்பலாம்" என்று இருந்தது. அனுப்பலாமாவது? 'அனுப்புகிறோம்' என்று மாற்றச் சொன்னேன். சிரித்துக்கொண்டே மாற்றினாள். நல்ல பெண்தான், விவரம் போதாது.

பிறகு பூவைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"டீச்சர், இப்பதான் அடிச்சிருக்கேன்" என்றாள் சுண்டு.

டீச்சர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.