தண்ணீர் எட்டாத இடமே தலைநகரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கொக்கின் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. எங்கள் நாற்றங்காலுக்கு மேலே தாழப் பறந்து, வெடித்த மண்ணைப் பார்த்து, இறங்காமலே அடுத்த ஊருக்குப் போய்விட்டது. இந்தக் கொக்கைப் பற்றி யாரிடம் புகார் கொடுப்பது? கொக்குகளுக்கு ஒரு அரசாங்கம் இருந்தால்தானே கொடுக்க முடியும்? அப்படியானால் அந்த அரசாங்கத்தை நானே உண்டாக்கினால் என்ன? கை பரபரத்தது. நோட்டை எடுத்துவிட்டேன்.

"முன்னொரு காலத்தில், காவிரித் தண்ணீர் பாயும் நாட்டில் ஏழு குலங்கள்…"

[விட்டுவிட்டேன். முன்னொரு காலம் எல்லாம் இல்லை. இந்த ஆவணிதான்.]

"ஏழு குலங்களுக்கும் ஒரே வாய்க்கால்."

இது சரி. இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2

நாடு கிடைத்த சந்தோஷத்தில் பதவிகளை வாரிக் கொடுத்தேன். நெல்லைப் பதுக்கத் தெரிந்த எலிக்குக் களஞ்சியம். சாரைப்பாம்புக்கு எலியைக் கண்காணிக்கும் வேலை. தூதுக்குக் கொக்கு. (கோபம் தீரவில்லை. ஆனாலும் பறக்கத் தெரிந்தது அது மட்டும்தான்.) தவளைகள் எதிர்க்கட்சி. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், மழை பெய்தால் தாங்கள் கொண்டுவந்தது என்பார்கள். நண்டுக்குப் பொதுப்பணித் துறை. அதுதான் பெரிய தப்பு. ஒரே வாரத்தில் எல்லா வரப்பும் ஒழுகியது. கேட்டால், "அது ஓட்டை இல்லை, கிளை வாய்க்கால்" என்றது.

நத்தைகளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அவை கடைமடைக்காரர்கள். எங்களைப் போல.

(எங்கள் ஊர் பேராவூரணிக்குக் கிழக்கே இருக்கிறது. கல்லணையில் கிளம்பும் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும்.)

3

முதல் சபையைத் தலைமதகில் கூட்டினேன். பெரிய மரம், நிழல், தண்ணீர்ச் சத்தம், ஆளுக்கு இரண்டு வடை. நத்தைகள் மூன்று நாள் நடந்து வந்து சேர்ந்தன. அதற்குள் ஆறு சட்டங்கள் நிறைவேறி, சபை கலைந்து, வடையும் தீர்ந்திருந்தது.

எழுதும்போது சிரித்தேன். அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. இதைத் திருத்த நத்தைக்கு வண்டி கொடுக்கலாமா? கொக்கின் முதுகில் ஏற்றலாமா? இரண்டையும் எழுதி அடித்தேன். அப்புறம்தான் அது வந்தது. வந்த வேகத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஏழாம் சட்டம்: தண்ணீர் எட்டாத இடமே தலைநகரம். சபை அங்கேதான் கூடும். அங்கே யாரும் பேச வேண்டியதில்லை. எல்லாக் குலமும் வந்து, அந்த மண்ணில் நிற்க வேண்டும்.

எவ்வளவு அழகு பாருங்கள்! தண்ணீர் வந்ததும் தலைநகரம் வேறு காய்ந்த இடத்துக்குப் போய்விடும். தலைநகரமே இல்லாத நாள்தான் அந்த நாட்டின் திருநாள்!

(நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். எழுந்து படிக்கச் சொன்னார்கள், குரல் வரவில்லை. அது வேறு நோட்டில் இருக்கிறது.)

4

இப்போது ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகம். மதகைத் திறக்கும் கைப்பிடியை வைத்திருக்கும் நீர்நாய்தான் தலைவர். அவருக்கு நான் வைத்த சிரிப்பு, எங்கள் பாசனச் சங்கத் தலைவர் அரவிந்தனின் சிரிப்பு. கெட்டவராகத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் அம்மாவைப் பாம்பு கடித்தபோது தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர். "நீர்நாய் இரக்கமில்லாத…" என்று தொடங்கிய வாக்கியம் அப்படியே நிற்கிறது. அவர் எங்கள் வயலை இந்த வருடம் பார்க்கவில்லை. அவ்வளவுதான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

5

இனி வருவது நான் எழுதத் திட்டமிட்டதல்ல. இன்று காலை நடந்தது.

நோட்டைப் பொட்டாஷ் உரச் சாக்குக்குள் ஒளித்திருந்தேன். அப்பா மருதையன் சாக்கை உதறினார். நாட்டோடு சேர்ந்து நோட்டு விழுந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் கதவுக்குப் பின்னால்.

"மூணு நாளா எழுதிக்கிட்டே இருந்தாளே, இதானா?" என்றாள் அம்மா அம்சம். "நான் என்னமோ லவ் லெட்டருன்னு நெனச்சேன்."

"லெட்டரா இருந்தா ஒரு பக்கத்துல முடிஞ்சிருக்கும். இது ராஜ்ஜியம்ல நடத்துது!"

வடை வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தார். ஏழாம் சட்டத்தில் நின்றார். திரும்பப் படித்தார். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, நாளைக்குச் சங்கக் கூட்டத்த எங்க நாத்தங்கால்ல வச்சுக்கலாம்ங்க."

"நாத்தங்கால்லயா?" அரவிந்தனின் குரல். "இங்க மண்டபத்துல ஃபேனு இருக்கு, சேர் போட்டாச்சு. அங்க என்ன இருக்கு மருதையா?"

"ஒண்ணும் இல்லைங்க. அதத்தான் பாக்கணும்ங்க."



"யாருய்யா குடுத்த யோசன இது?"

அப்பா கதவைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"வீட்டுல பேசிக்கிட்டோம்ங்க."

"பாப்போம்," என்று அரவிந்தன் போனை வைத்துவிட்டார்.

அம்மா என்னை வெளியே இழுத்தாள். "எல்லாம் சரிதான்டி இசை. அவங்க வரலேன்னா? அதுக்கு என்ன சட்டம் போட்டிருக்கே?"

பக்கங்களைப் புரட்டினேன். இல்லை. ஏழோடு நின்றிருந்தது என் நாடு.

6

நாற்று இன்னும் நான்கு நாள் தாங்கும் என்கிறார் அப்பா. நுனி மஞ்சளாகிவிட்டது.

முடிவு அ: ஏழு குலமும் வந்தன. நீர்நாயின் கால் வெடிப்புக்குள் கணுக்கால்வரை இறங்கியது. அன்றே மதகு திறந்தது. தாங்கள்தான் கொண்டுவந்தோம் என்றன தவளைகள்.

வேகமாக எழுதிவிட்டேன். இனித்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு ஆ: நத்தைகள் உச்சிவரை காத்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக ஓட்டுக்குள்

இல்லை. இதை என் கையால் முடிக்க மாட்டேன்.

எட்டாம் சட்டம்: சபை வராவிட்டால்,

இந்த வரியை உங்களுக்கு விட்டிருக்கிறேன். எழுதுங்கள். ஆனால் தண்ணீர் ஓடும் ஊரில் உட்கார்ந்து எழுதாதீர்கள், நாட்டின் சட்டம் அது. முதலில் இங்கே வாருங்கள். நாளை காலை பத்து மணி. தென்னந்தோப்பு முடியும் இடத்தில் இடதுபக்கம் இறங்கினால் நாற்றங்கால். அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பது நான்தான்.

வயலில் இறங்கும்போது செருப்பைக் கழற்றுவது எங்கள் வழக்கம். நாளை கழற்ற வேண்டாம். வெடிப்பின் விளிம்பு காலைக் கிழிக்கும்.