ஏழு ஞாயிறும் பதினொரு ஞாயிறும்

இராமையாவின் கருமாதிக்குத் தலவாக்கலையிலிருந்து வந்திருந்த ஒருவர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் என் பக்கம் திரும்பி, "அம்பத்தொம்பதுல நல்லமுத்தோட கரம் அடிக்கப் பயந்துகிட்டு ஸ்டோருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டவரு இவருதானே?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இராமையாவின் மனைவி அழகம்மா இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இப்போது எழுதி வைக்கிறேன்.

நான் அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதுபவன். இராமையா பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தார். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வது. வாடிய கொழுந்தை அரைக்கும் ரோலரில் அவருக்கு வேலை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். எங்கள் கடையின் பின்கட்டில், வேறு ஊர்களில் கேரம் என்று சொல்லும் கரம் பலகை ஒன்று இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவோம். அவர் அடி பலமான அடி. எந்தக் காயை எடுப்பது, எதை விட்டு வைப்பது என்று யோசிப்பது நான். ஜோடியாக உட்கார்ந்தால் கடைத்தெருவில் எங்களை வென்றவர்கள் குறைவு.

ஐம்பத்தெட்டாம் வருடக் கடைசியில் அழகம்மா கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்தார். முழங்கால் விலகிவிட்டது. இனி மலையேறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மலையேறாதவருக்குத் தோட்டத்து வேலைக் கணக்கில் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அழகம்மாவுக்குக் கைத்தையல் நன்றாக வரும். அதே தோட்டத்து மேல் லயத்தில், தொழிலாளர்களின் மேல் வரிசை வீடுகளில், அம்மாக்கண்ணு என்ற விதவையிடம் ஒரு கைத் தையல் மெஷின் இருந்தது. அவர் தம் மகன்களோடு ஜூன் முதல் வாரம் இந்தியாவுக்குப் போக இருந்தார். மெஷினை விற்கப் போகிறார் என்று தெரிந்ததும் அழகம்மா போய்க் கேட்டார்.

"தொண்ணூறு ரூவா. ஒரே கையில குடுக்கணும். தவண கிவண பேசாத. தவண வாங்குறதுக்கு நான் ராமேஸ்வரத்துலருந்து நீந்தி வரணுமா?" என்றாராம் அம்மாக்கண்ணு.

அழகம்மாவிடம் ஐம்பது ரூபாய் இருந்தது. நாற்பது குறைந்தது. இராமையாவுக்கு நாள் சம்பளம் இரண்டரை ரூபாய் அளவில். அதில் நாற்பது ரூபாய் மிச்சம் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

இந்த நிலையில்தான் ஜனவரி தொடக்கத்தில் எங்கள் கடைச் சுவரில் இரண்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டும் ஜோடிகளுக்கான கரம் பந்தயம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆட்டம், எல்லா ஜோடியும் எல்லா ஜோடியோடும் ஒரு முறை ஆட வேண்டும், அதிகம் வென்றவர்களுக்கு முதல் பரிசு. ஒன்று அட்டனில், ஒரு வாசிகசாலைக்காரர்கள் நடத்துவது. மற்றது தலவாக்கலையில், துணிக்கடை சரிபுதீன் முதலாளியின் மேல்மாடியில்.

இராமையா இரண்டையும் நின்று படித்தார். "அட்டன்ல மொதப் பரிசு எழுவத்தஞ்சு பக்கீரு. தலவாக்கலையில அறுவதுதான். அட்டனுக்கே போவோம்."

"குடுக்குறத மட்டும் பாக்குறீங்களேண்ணே. வாங்குறதப் பாத்தீங்களா?"

சீனி சுற்றும் தாளை எடுத்து நடுவே ஒரு கோடு போட்டேன். அட்டனில் சேருவதற்கு ஜோடிக்கு இரண்டு ரூபாய்தான். ஆனால் நோட்டீசின் அடியில் பொடி எழுத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பலகைக் காசு ஒரு ரூபாய் என்று இருந்தது. பன்னிரண்டு ஜோடி என்றால் பதினொரு ஆட்டம், பதினொரு ஞாயிறு. ஆக ஜோடிக்குப் பதின்மூன்று ரூபாய். அட்டனுக்குப் பஸ் போக வர ஆளுக்கு இரண்டு ரூபாய். இரண்டு பேருக்குப் பதினொரு நாளைக்கு நாற்பத்துநாலு. மொத்தம் ஐம்பத்தேழு. எழுபத்தைந்து வென்று வந்தாலும் கையில் நிற்பது பதினெட்டு ரூபாய். இரண்டாம் பரிசு இருபது. அதை வாங்கினால் முப்பத்தேழு ரூபாய் நஷ்டம்.

தலவாக்கலையில் சேர ஜோடிக்கு ஐந்து ரூபாய். அதோடு சரி. எட்டு ஜோடி, ஏழு ஞாயிறு. பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் வீதம் பதினாலு. மொத்தச் செலவு பத்தொன்பது. முதல் பரிசு வாங்கினால் நாற்பத்தொரு ரூபாய் மிச்சம். இரண்டாம் பரிசு இருபத்தைந்து. அதிலும் ஆறு ரூபாய் நிற்கும்.

"இன்னொண்ணும் பாருங்க. அட்டன்ல பன்னெண்டு ஜோடிக்கிட்ட நூத்தி அம்பத்தாறு வாங்கிட்டு, ரெண்டு பரிசுக்கும் சேத்து தொண்ணூத்தஞ்சுதான் குடுக்குறாங்க. மிச்சம் அறுவத்தொண்ணு. பவுடருக்கும் தேத்தண்ணிக்கும்னு எழுதியிருக்கு."

"அறுவத்தோரு ரூவாய்க்குப் பவுடரா? பலகைக்குப் போடுறானுகளா, பூசிக் குளிக்கிறானுகளா?"

"சரிபுதீன் மொதலாளி வாங்குறது நாப்பது, குடுக்குறது எம்பத்தஞ்சு. மிச்சத்தக் கடைக்காரங்க போடுறாங்க. ஞாயித்துக்கெழம சனம் கூடுனா அவங்களுக்கு யாவாரம்."

இராமையா தாளை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எனக்குப் பரிசில் பங்கு வேண்டாம், முழுவதும் மெஷினுக்கே போகட்டும் என்றேன். அதற்குப் பதில் என் மனைவி உம்மு குல்சுமுக்கு ஒரு வருடத்துக்கு அழகம்மா கூலியில்லாமல் சட்டை தைத்துத் தர வேண்டும் என்று பேசிக்கொண்டோம். தலவாக்கலைக்கு ஐந்து ரூபாய் கட்டினோம்; அதையும் பஸ் காசையும் வாரா வாரம் இரண்டு பேரும் கையிலிருந்தே போட்டுக்கொண்டோம்.

அந்தத் தாளில் நான் எழுதாத ஒன்று இருந்தது. அட்டன் பந்தயம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தலவாக்கலைப் பந்தயம் சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு தொடங்கி மே முப்பத்தோராம் திகதி முடிவது. ஜனவரியில் பனி விழுந்து செடி கருகிக் கிடக்கும். ஏப்ரல் மழை இறங்கியதும் கொழுந்து மலியும். எடுக்க எடுக்க வரும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும் வரை ஸ்டோருக்கு ஞாயிறு லீவு கிடையாது. கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு றாத்தல் கொழுந்துக்கும் கூடுதல் காசு கிடைப்பதால் எங்கள் கடையில் வியாபாரம் ஏறும். வருடா வருடம் மார்ச் கடைசியிலேயே கூடுதலாக அரிசி மூட்டை எழுதிப் போடுகிறவன் நான். கடைக் கணக்கில் எனக்குத் தெரிந்தது பந்தயக் கணக்கில் தெரியவில்லை. பதினைந்து வருடம் ரோலருக்குப் பக்கத்தில் மே மாதம் கழித்த இராமையாவும் அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் பத்தொன்பதில் முதல் ஆட்டம். இருபத்தொன்பது புள்ளி எடுப்பவர் வெற்றி. வென்றோம். அடுத்த ஞாயிறும் வென்றோம். மூன்றாவது ஞாயிறிலிருந்து, போகிறவர் தமக்குப் பதில் ஆள் நிறுத்த வேண்டும் என்று ஸ்டோரில் சொல்லிவிட்டார்கள். சின்னத்தம்பி என்ற இன்னொரு ரோலர்காரர் இராமையாவுக்குப் பதில் நின்றார். அதற்காக இராமையா வார நாளில் அவருடைய முறையையும் சேர்த்துப் பார்த்தார். இப்படியே நாலு ஞாயிறு ஓடியது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். தலவாக்கலையில் எழுப்புவேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஆடுவார். ஆறு ஆட்டமும் வென்றோம். சலூன் வைத்திருந்த நல்லமுத்துவும் அவர் தம்பி செல்லசாமியும் ஆறு வென்றிருந்தார்கள். கடைசி ஞாயிறு அவர்களுக்கும் எங்களுக்கும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு இராமையாவைக் கூட்டிப் போக ஸ்டோருக்குப் போனேன். மேல்தட்டுகளில் இடமில்லாமல் நடைபாதையிலும் கொழுந்தைக் கொட்டியிருந்தார்கள். ரோலர்கள் எல்லாம் ஓடின. இராமையா வாசலுக்கு வந்தார். முழங்கை வரை பச்சை.

"வர முடியாது பக்கீரு. ரெண்டு நாள் கொழுந்து நிக்குது. சின்னத்தம்பியும் அங்கதான் நிக்கிறான். பதிலுக்கு ஆளில்ல."

"டீமேக்கர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'தாராளமாப் போ இராமையா. போனா அப்படியே போயிரு'ன்னாரு."

டீமேக்கர்தான் ஸ்டோரை நடத்துபவர்; அவர் அனுப்பிவிட்டால் வேலையோடு லயத்து அறையும் போகும். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"அப்ப நானும் போகலண்ணே."

"போகலன்னா இருவத்தஞ்சும் போச்சு. ஒரு ஆளு உக்காந்தாப் போதும்னுதானே அவங்க சட்டம்? நீ போய் உக்காரு."

அவர் சொன்னது சரி. ஒரு ஆட்டத்துக்கு வராத ஜோடிக்குப் பரிசே கிடையாது. ஜோடியில் ஒருவர் வந்தால் போதும், வராதவருடைய முறை மட்டும் தாண்டிப் போகும்.

"ஒங்க பக்கத்துக் காய யாருண்ணே அடிக்கிறது?"

"அது கெடக்கும். நீ உன் காயப் பாரு. பஸ்ஸு போயிறப் போவுது." உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

மேல்மாடியில் எனக்கு எதிர் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்ததும் நல்லமுத்து எழுந்து நின்று பார்த்தார். "என்ன பக்கீர் பாய், ஜோடிய வித்துட்டு வந்துட்டீங்களா?"

"ஸ்டோர்ல வேல."

"வேலையா? நம்மளப் பாத்து ஸ்டோருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாருன்னு சொல்லுங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்லசாமி ஒரு கிளாஸ் பிளேன்டீ வாங்கி வந்து காலி நாற்காலிக்கு முன்னால் வைத்து, "இராமையாண்ணே, ஆறிறப் போவுது, குடிங்க" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. தலவாக்கலையில் இன்றுவரை இருக்கும் பேச்சு அங்கே பிறந்ததுதான்.

சரிபுதீன் முதலாளி சட்டத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, பரிசுக்கு ஒரு ஆள் போதும். அடிக்கிறதுக்கு ரெண்டு ஆள் வேணும். யோசிச்சிட்டீங்களா?"

"உக்காந்துட்டேன் மொதலாளி" என்றேன்.

முதல் பலகை எனக்கு விழுந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே அடித்ததால் சிவப்புக் காயைத் தவறவிட்டார்கள். எட்டுப் புள்ளி. அதற்குப் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒரு முறை வருவதற்குள் அவர்களுக்கு இரண்டு முறை வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை வேறு. நான் அடிக்கும் கோட்டுக்குப் பின்னால், என் மடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் காய்களை நான் அடிப்பது கஷ்டம். எதிரே உட்காருபவருக்கு அவை நேர்க் காய்கள். இராமையா இருந்தால் ஒரே அடி. அவை ஒவ்வொரு பலகையிலும் கடைசிவரை அங்கேயே நின்றன, நின்ற காய்க்கெல்லாம் புள்ளி அவர்களுக்குப் போனது. நடுவில் இன்னொரு பலகை ஆறு புள்ளிக்கு எடுத்தேன். இருபத்தொன்பதுக்குப் பதினாலில் தோற்றேன்.

இருபத்தைந்து ரூபாயை வாங்கிக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் மழை. லயத்து வாசலில் அழகம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பணத்தைக் கொடுத்தேன்.

"தோத்துட்டேன் மதினி. அறுவது இல்ல. இருவத்தஞ்சுதான்."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். உள்ளே போய் ஐம்பதை எடுத்து வந்து, எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டார். தடியை எடுத்தார். "வாங்க தம்பி, மேல் லயத்துக்கு."

"பதினஞ்சு கொறையுதே மதினி."

"கொறையுதுதான். வாங்க."

அந்தப் படிகளில் ஏற அவருக்கு அரை மணி நேரம் ஆனது. நான் கை கொடுத்தால் வேண்டாம் என்றார். அம்மாக்கண்ணுவின் அறையில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. பித்தளைக் குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் பழைய சேலையில் சுற்றி மூலையில் இருந்தன. மெஷின் அதன் மர மூடிப்பெட்டிக்குள் ஜன்னல் ஓரம் இருந்தது.

அம்மாக்கண்ணு முடிச்சை அவிழ்த்து எண்ணினார். "எழுவத்தஞ்சா? என்னடி இது? தொண்ணூறுன்னுல்ல சொன்னேன்."

"தொண்ணூறு மூடிப்பொட்டியோடதானேக்கா?"

"ஆமா. மூடியில்லாம மிசின் விப்பாகளா?"

"எனக்கு மூடி வேணாம். மிசின மட்டும் குடுங்க. அந்தக் குத்துவெளக்க இப்படிச் சேலையில சுத்தியா கப்பல் ஏத்தப் போறீங்க?"

அம்மாக்கண்ணு மூலையைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய் மூடிப்பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்து, குத்துவிளக்கை உள்ளே படுக்க வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அண்டாவுக்குள் இருந்த செம்புகளையும் அடுக்கிப் பார்த்தார்.

"அதுக்காக ஒரு மூடி பதினஞ்சு ரூவாயாடி? மரத்துல செஞ்சதா, தங்கத்துல செஞ்சதா?"

"வெளக்கு நெளிஞ்சு போனா ஊர்ல அடிச்சுக் குடுக்க எவ்ளோ கேப்பான்னு நெனைக்கிறீங்க? அதுவும் புதுசா எறங்குன ஆளப் பாத்தா?"

"என்னையே ஊருக்கு அனுப்பி, என்கிட்டயே காசு புடிக்கிறா பாருங்க தம்பி" என்று அம்மாக்கண்ணு என்னிடம் சொன்னார். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அழகம்மாவின் கையில் வைத்தார். "நாலு ஊசி. எனக்கு எதுக்கு இனி. போ, எடுத்துக்கிட்டுப் போ."

கணக்கெழுதுகிறவன் நான். தொண்ணூறிலிருந்து எழுபத்தைந்தைக் கழித்துப் பதினைந்து குறைகிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்கவில்லை.

நாங்கள் வெளியே வரும்போது இராமையா வேலை முடிந்து படியேறி வந்துகொண்டிருந்தார். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. மெஷினைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஒரு சாக்கை வாங்கி அதன்மேல் போட்டு, ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் நான். மழையில் இறங்கத் தொடங்கினோம். அழகம்மா தடியூன்றிப் பின்னால் வந்தார்.

"எத்தனைக்குத் தோத்த?"

"பதினாலுக்கு."

அவர் நின்றுவிட்டார். "தனியா பதினாலா? நல்லமுத்துகிட்டயா?"

"என் கோட்டுக்குப் பின்னாடி நின்னதெல்லாம் அப்படியே நின்னுருச்சுண்ணே."

"அதெல்லாம் என் காயி" என்றார் இராமையா.

மறுபடி இறங்கத் தொடங்கினோம். "கணக்குல தப்புப் பண்ணிட்டேண்ணே" என்றேன். "காசப் பாத்தேன், பஸ்ஸப் பாத்தேன், மாசத்தப் பாக்கல. அட்டன்காரன் சரியான மாசத்துலதான் வச்சிருந்தான்."

"மாசம் பாக்க வேண்டியவன் நான்தானே பக்கீரு? கொழுந்துக்குள்ளயே நிக்கிறவன். நீ கோடு போட்டு எழுதுனதப் பாத்ததும் எல்லாம் அதுக்குள்ள இருக்கும்னு விட்டுட்டேன். என் தப்பு."

"இல்லண்ணே, எழுதுனவன் நான். என் தப்புதான்."

"சொல்றேன்ல, என் தப்புடா."

"ரெண்டு பேரும் வீட்டுல போய் உக்காந்து மன்னிப்புக் கேட்டுக்குங்க" என்றார் பின்னாலிருந்து அழகம்மா. "மூடியில்லாத மிசினு. தண்ணி உள்ள போவுது."

நாங்கள் பேச்சை விட்டுவிட்டு வேகமாக இறங்கினோம்.