பாட்டிலில் வந்த நல்ல தண்ணீர்

எந்த மடையனும் செய்யாத தப்பை நான் செய்தேன், அதுவும் எட்டு மாதம். கிணற்றுத் தண்ணீரை நானே இறைத்துப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஆராய்ச்சியில் அதுதான் முதல் விதி. ஆனால் சங்கராபுரம் பக்கத்து விவசாயி ஆதிமூலத்தின் மகள் ராஜாம்பாள் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனால் விட்டுவிடுவேன். அவள் திரும்பி வரும் நடையைப் பார்க்கலாமே!

அது 1987. அவர்கள் நிலத்துக்கு மேல்புறம் ஒரு சவ்வரிசி ஆலை, கழிவுநீரைக் குழியில் தேக்கிக்கொண்டிருந்தது. அது மண்ணுக்குள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகரும் என்று கம்ப்யூட்டரில் கணித மாதிரி போடுவது என் வேலை. ‘மார்ச்சில் கிணறு கெடும்’ என்றது மாதிரி. கெட்டால் நிலத்தை விற்றுவிட்டுப் பெங்களூரில் மூத்த மகனிடம் போய்விடுவதாக ஆதிமூலம் சொல்லியிருந்தார். அவளும் போய்விடுவாளே! ஆனால் மார்ச் போயும் பாட்டில் தண்ணீர் தெளிவாகவே வந்தது. அதற்குத் தக்கபடி மாதிரியில் மண்ணுக்குக் கொடுத்திருந்த எண்களை மாற்றினேன். மாதிரியும் பணிந்து, ‘இருபது வருஷம் பயமில்லை’ என்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செப்டம்பரில் இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. அவளைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. தங்கியிருந்த ஊரிலிருந்து பத்து மைல் நடந்தே போனேன். வீட்டில் யாருமில்லை. தாகத்தில் நானே வாளியை விட்டு இறைத்தேன். புளித்த நாற்றம் குமட்டியது.

“இன்னா சார், சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?” பின்னால் ராஜாம்பாள், தலையில் புல்லுக்கட்டோடு.

“எப்பத்திலிருந்து இப்படி?”

“பங்குனியிலருந்து.”

“அப்போ பாட்டில்ல வந்தது?”

“அது கோயில் கெணத்துத் தண்ணி. பாட்டில்ல எங்கப்பா பேரை எழுதி மெட்ராஸுக்கு அனுப்புறீங்க. நாத்தத் தண்ணியக் குடுத்தா எங்க வூட்டு மானம் இன்னா ஆவறது?”

“அடிப்பாவி!”

“குடிக்க அங்கருந்து தூக்கியாந்துக்கினு கெடக்கறேன். பயிருக்கு எங்க போறது? அப்பா நெலத்துக்கு வெலை பேசிட்டாரு. பஸ்ஸு வுட்டதும் கெளம்பறோம்.”

அவளுக்குப் பின்னால் வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை முழுக்கக் கருகிக் கிடந்தது. இத்தனை மாதம் வந்துபோன என் கண் அவளைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

புல்லுக்கட்டை இறக்கினாள். கண் கலங்கியிருந்தது. “உங்க கணக்குல இது எப்ப சார் தெளியும்?”

போகாதே என்று ஒரு வார்த்தை கேட்க அவள் முகம் ஏங்கியது. நானோ மனதுக்குள் பழைய எண்களைப் போட்டுப் பார்த்தேன். கணக்கு இந்தத் தடவை சரியாக வந்தது.

“நாப்பது வருஷம்” என்றேன்.

என்னோடு வந்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டிய வாய்.